நாவலப்பிட்டியிற் பிறந்த நடிகர்

சென்ற ஆண்டு நமது தோட்டத்துப் பழைய லயங்களை இடித்துத் தரைமட்டமாக்கும் வேலை தொடங்கிற்று. பால்மரங்கள் சாய்ந்து செம்பனை எழுந்து ஆண்டுகள் பலவாயின. லயத்திற் குடியிருந்தோரும் சிரம்பானுக்கும் நீலாய்க்கும் பிழைப்புத் தேடிச் சென்றுவிட்டனர். இடிப்பதற்கு முன் வீடு வீடாய்ச் சென்று எஞ்சியுள்ள பொருள்களைக் கணக்கெடுக்கும் பொறுப்புக் கிராணியாகிய நம்மிடம் ஒப்படைக்கப்பட்டது. கடைக்கோடி வீட்டின் புகையடைந்த சுவரில், முருகன் படத்திற்கும் மாரியம்மன் படத்திற்கும் நடுவே, பத்திரிகையிலிருந்து வெட்டி ஒட்டிய ஒரு படம் இருந்தது. வெண்ணிறத் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் அணிந்த அம்முகம் யாருடையதென்று வாசகர்களுக்குச் சொல்ல வேண்டுவதில்லை.

நம்முடன் வந்திருந்த இளைஞர் ஒருவர், "இவர் நமக்கு யார்? இந்தியாவில் முதலமைச்சராக இருந்தவர், அதிலும் மலையாளி. நம் லயத்துச் சுவரில் இவருக்கு என்ன வேலை?" என்று கேட்டார். நாம் ஆங்கிலவழியிற் கற்றவர்கள். தோட்டத்துத் திடலிற் பாய் விரித்துப் படம் பார்த்த தலைமுறையைச் சற்றே ஏளனமாக நோக்கிப் பழகியவர்கள். ஆயினும் அந்தக் கேள்வி நமக்குச் சுருக்கென்றது. அவ்வேளை வாயில் விடை எழவில்லை. பின்னர் நூல்களைப் புரட்டியும் முதியோரை உசாவியும் நாம் அறிந்துகொண்டதைக் கோவைப்படுத்தி இங்கே எழுதுகின்றோம்.

மருதூர் கோபாலன் இராமச்சந்திரன் 1917 ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 17 ஆம் நாள் இலங்கையிற் கண்டிக்கு அண்மையிலுள்ள நாவலப்பிட்டியிற் பிறந்தார். நாவலப்பிட்டி என்பது யாது? தேயிலை மலைகளுக்கு நடுவே அமைந்த ஓர் இரயில்வே ஊர். 1874 இல் அங்கே இருப்புப்பாதை எட்டிற்று. 1867 இல் ஜேம்ஸ் டெய்லர் என்னும் துரை லூல்கந்துரைத் தோட்டத்தில் தேயிலையை வணிகப் பயிராக நட்டதும், 1869 முதற் கோப்பிச் செடிகளை ஒருவகைப் பூஞ்சணம் அழித்ததும், அம்மலைகள் முழுவதும் தேயிலையாக மாறியதும், அதற்கெனத் தென்பாண்டி நாட்டிலிருந்தும் சோழ நாட்டிலிருந்தும் கங்காணிகள் ஆள் திரட்டிச் சென்றதும் சரித்திரம். நமது பாட்டனார்கள் நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கினார்கள். அவர்களுடைய உறவினர் சிலர் இராமேசுவரம் வழியாய்த் தலைமன்னாரில் இறங்கினார்கள். இரண்டும் ஒரே வறுமையின் இரு வாய்க்கால்களேயாகும். அவ்விரண்டாவது வாய்க்காலின் கரையிலேதான் இந்தப் பிள்ளையும் பிறந்தது. அவர் குடும்பம் தோட்டத்துக் கூலிக் குடும்பம் அன்று. கேரளத்திலிருந்து சென்ற குடும்பம். அதை மறைத்து அவரை லயத்திற் பிறந்தவராகச் சித்திரிப்பது பொய்யாகும். அப்பொய் நமக்கு வேண்டுவதில்லை.

பிள்ளை பேசத் தொடங்கிய பருவத்திலேயே தந்தை மறைந்தார். தாயார் சத்தியபாமா அம்மையார் சக்கரபாணி, இராமச்சந்திரன் என்னும் இரு மக்களையும் அழைத்துக்கொண்டு கடல் கடந்து கும்பகோணம் வந்து சேர்ந்தார். வீட்டிலே மலையாளம், தெருவிலே தமிழ், அடுப்பிலே பெரும்பாலும் ஒன்றுமில்லை. ஆனையடிப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு கல்வி நின்றது. ஏழெட்டு வயதில் அண்ணனும் தம்பியும் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியிற் சேர்க்கப்பட்டார்கள்.

இந்தப் பாய்ஸ் கம்பெனி என்பதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். ஏனெனில் இக்காலத்து இளைஞர் அதனை ஏதோ கலைப்பள்ளி என்று எண்ணிக்கொள்கின்றனர். சங்கரதாஸ் சுவாமிகள் (1867 முதல் 1922 வரை வாழ்ந்தவர்) வளர்ந்த நடிகர்களின் ஒழுங்கீனத்தாற் சலிப்புற்று, சிறுவர்களைக் கொண்டு நாடகம் நடத்தினால் அடக்கமும் பாடமும் ஒருங்கே நிலைக்கும் என்று கருதி, 1918 இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை நிறுவினார். அவர் நோக்கம் உயர்ந்ததே. ஆனால் அவர் வகுத்த வழியிற் பிறர் தொடங்கிய கம்பெனிகள் பல, வறிய வீட்டுப் பிள்ளைகளை உணவுக்கும் உடைக்கும் வாங்கி வைத்துக்கொள்ளும் இடங்களாய் மாறின. பிள்ளைகள் கம்பெனி வீட்டிலேயே உண்டு உறங்கினர். பகலெல்லாம் பாடம், இரவெல்லாம் மேடை. தவறினாற் பிரம்பு. கம்பெனியிற் பெண்கள் இல்லாமையால், மீசை அரும்பாத பையன் ஸ்திரீபார்ட் கட்டினான். குரல் உடையும் பருவம் வந்துவிட்டதோ, அதுவரை கொண்டாடப்பட்டவன் மூலையில் நின்று திரை இழுக்க வேண்டியவனாவான். இனிய குரலுக்கு இருந்த மதிப்பு அதனையுடைய பிள்ளைக்கு இல்லை.

தோட்டத்து மக்களுக்கு இது விளங்காத கதையா? பிரட்டுக்கு முன் எழுந்து, தாயோடு பால்காட்டுக்குப் போய் மங்கு துடைத்த பிள்ளைகள் நம் லயங்களிலும் இருந்தார்கள். அவர்களுடைய கூலியைப் பெற்றவர் கையில் கொடுத்த கணக்குப் புத்தகங்கள், நமக்கு முன்னிருந்த கிராணிமார் எழுதியவை, இன்னும் நமது அலுவலகப் பரணில் உள்ளன. அவற்றை ஒருமுறை புரட்டிப் பார்த்தோம். பின்னர் இரண்டாம் முறை புரட்ட மனம் வரவில்லை.

ஆயினும் கம்பெனி பிள்ளைகளுக்கு ஒன்று கொடுத்தது; அதனை மறுத்தல் நேர்மையாகாது. தெளிந்த தமிழ் உச்சரிப்பு, நீண்ட வசனத்தை மூச்சுவிடாமற் பேசும் ஆற்றல், வாள்வீச்சு, கம்புவீச்சு, ஆட்டம் ஆகியவற்றை அப்பிள்ளைகள் அங்கேதான் கற்றார்கள். காளி என். ரத்தினம் போன்ற தேர்ந்த நடிகர் அங்கே ஆசிரியராய் இருந்தார். பிற்காலத்தில் திரையில் வாள் சுழற்றி மக்களை மயக்கிய அந்தக் கை பயின்றது கம்பெனி வீட்டு முற்றத்திலேயே.

1936 இல் சதி லீலாவதி என்னும் பேசும்படம் வெளிவந்தது. 19 வயதுடைய இராமச்சந்திரன் திரையில் முதன்முதல் தோன்றியது அதில்தான். ரங்கையா நாயுடு என்னும் போலீஸ் இன்ஸ்பெக்டராய்ச் சிறு வேடம். கதாநாயகர் எம். கே. ராதா. டி. எஸ். பாலையா, என். எஸ். கிருஷ்ணன் ஆகியோரும் அப்படத்தின் வாயிலாகவே திரைக்கு வந்தனர். இயக்கியவர் எல்லிஸ் ஆர். டங்கன் என்னும் அமெரிக்கர். தமிழில் ஒரு சொல்லும் அறியாதவர் தமிழ்ப்படம் எடுத்த விந்தையை நோக்கின், வெளியிலிருந்து வந்தோர் கைபடாத தமிழ்க் கலை ஏதேனும் உண்டோ என்று கேட்கத் தோன்றுகின்றது. கதை எஸ். எஸ். வாசன் ஆனந்த விகடனில் எழுதியது.

இக்கதையிலேதான் நாம் வாசகர்களின் கவனத்தைச் சிறப்பாக ஈர்க்க விரும்புகின்றோம். சென்னையில் வாழும் செல்வன் கிருஷ்ணமூர்த்தி, தீய நண்பனாற் குடிப்பழக்கத்தில் வீழ்கின்றான். பொருளை இழக்கின்றான். குடிவெறியில் ஒரு கொலையைத் தான் செய்துவிட்டதாய் நம்பி ஊரைவிட்டு ஓடுகின்றான். ஓடி எங்கே போகின்றான்? இலங்கைத் தேயிலைத் தோட்டத்திற்குப் போய்க் கூலியாளாகின்றான்! 1936 இல் சென்னையிலிருந்து படமெடுத்தோருக்கு, ஒரு மனிதன் அடையக்கூடிய கடைசித் தாழ்வு யாதெனின், அது தோட்டத்துக் கூலியாய் இருத்தலே. பின்னர் அவன் அங்கே ஒரு புதையலைக் கண்டெடுத்து முதலாளியிடம் நேர்மையாய் ஒப்படைக்க, முதலாளி மகிழ்ந்து அவனை மகனாகவே ஏற்றுக்கொள்கின்றார். நாமும் பதினான்கு ஆண்டுகளாய்த் தோட்டத்தில் இருக்கின்றோம். புல்வெட்டும் ஆட்கள் பாம்பையும் பழைய மங்குகளையும் கண்டெடுத்ததைப் பார்த்திருக்கின்றோம். புதையற் பெட்டியைக் கண்டதில்லை. கூலியாளை மகனாக்கிக்கொண்ட துரையையும் கண்டதில்லை.

இன்னொரு சுவையான செய்தியும் உண்டு. நாடகக் கம்பெனிகள் நடத்திவந்த பதிபக்தி என்னும் நாடகமும் சதி லீலாவதியும் ஒத்திருக்கின்றன என்று வழக்கு எழுந்தது. அப்போது வாசன், இரண்டிற்கும் மூலம் திருமதி ஹென்றி வுட் என்னும் ஆங்கில அம்மையார் 1860 இல் எழுதிய டேன்ஸ்பரி ஹவுஸ் என்னும் நாவலே என்று வெளிப்படுத்தினார். வழக்கும் ஓய்ந்தது. அந்நாவல் ஸ்காத்லாந்து மதுவிலக்குச் சங்கத்தின் 100 பவுன் பரிசைப் பெற்றது. ஆக, குடியின் கேட்டைக் கூற ஸ்காத்லாந்தில் பரிசு பெற்ற ஆங்கிலக் கதை மதுரை மேடையில் தமிழ் பேசி, அமெரிக்கர் ஒருவர் கையால் படமாகி, இலங்கைத் தோட்டத்தைக் காட்டிற்று. அதில் நாவலப்பிட்டியிற் பிறந்த இளைஞர் காக்கிச் சட்டையணிந்து வந்து நின்றார்.

அதன்பின் பதினோராண்டுகள் அவருக்குச் சிறு வேடங்களே வாய்த்தன. 1941 இல் அசோக்குமார், 1945 இல் மீரா முதலிய பெரும் படங்களிலும் அவர் பின்வரிசையிலேயே நின்றார். பாடத் தெரிந்த தியாகராஜ பாகவதரும் பி. யு. சின்னப்பாவும் கோலோச்சிய காலம் அது. இவருக்குப் பாட்டு வரவில்லை. சின்னப்பாவும் அதே பாய்ஸ் கம்பெனியிற் பயின்றவரே. 1947 இல் ஏ. எஸ். ஏ. சாமி இயக்கத்தில் ஜூபிடர் கம்பெனி எடுத்த ராஜகுமாரியிலேதான், தமது முப்பதாவது வயதில், இராமச்சந்திரன் முதன்முதற் கதாநாயகரானார். அப்படத்தில் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த கே. தவமணிதேவியும் நடித்தார். இலங்கையிற் பிறந்த இருவர் ஒரே படத்தில் தமிழ்நாட்டு மக்கள் முன் தோன்றினர். அதை எவரும் அந்நாளிற் பெரிதாய்க் குறிப்பிட்டதாகத் தெரியவில்லை.

புகழ் வந்த கதை எல்லோரும் அறிந்ததே; அதில் நாம் தங்கப்போவதில்லை. 1950 இல் மந்திரி குமாரி. இயக்கியவர்களுள் ஒருவர் அதே டங்கன். 1954 இல் மலைக்கள்ளன். 1958 இல் தாமே தயாரித்து இயக்கி இரட்டை வேடம் பூண்ட நாடோடி மன்னன். திரையில் இவ்வளவு உயர்ந்த பின்னரும் அவர் மேடையைக் கைவிடவில்லை என்பது நமக்கு வியப்பைத் தருவது. 1959 இல் சீர்காழியில் நாடகத்தில் நடித்துக்கொண்டிருக்கையிலேயே கால் எலும்பு முறிந்தது. 1953 இல் திராவிட முன்னேற்றக் கழகத்திற் சேர்ந்தார். 1967 ஜனவரியில் உடன் நடித்த எம். ஆர். ராதாவாற் சுடப்பட்டார், அவ்வாண்டே பரங்கிமலையிற் சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். குண்டு தொண்டையிற் பாய்ந்து குரல் சிதைந்தது. பாய்ஸ் கம்பெனிக் காலத்தில் குரல் உடைந்தவனுக்கு இடமில்லை என்றோம்; இவரோ சிதைந்த குரலோடு இருபதாண்டுகள் கோடி மக்களை ஆட்டிவைத்தார்.

இனித் தோட்டத்திற்கு வருவோம். நமது தந்தையார் சொல்லக் கேட்டது: சம்பளம் போட்ட சனிக்கிழமையன்று அந்தி சாயும் வேளையில் வண்டி வரும். பந்தாட்டத் திடலில் இரு கம்பங்களுக்கிடையே வெள்ளைத் துணி கட்டுவார்கள். பால்வெட்டும் பெண்கள் மாலை நான்கு மணிக்கே பாய் போட்டு இடம் பிடித்துவிடுவார்கள். துணியின் இருபுறமும் ஆட்கள் அமர்வார்கள். பின்புறம் அமர்ந்தவர்களுக்கு அவர் இடக்கையால் வாள் வீசுவார். மீனவராய், உழவராய், ரிக்‌ஷா இழுப்பவராய் அவர் வந்தார். வந்து, அடிக்கின்ற முதலாளியின் கையைப் பிடித்து நிறுத்தினார். திடலின் ஓரத்தில் நாற்காலி போட்டு அமர்ந்திருந்த கிராணிமாரும் தண்டல்மாரும் அந்தக் காட்சியில் நெளிந்தார்கள் என்று தந்தையார் சிரிப்பதுண்டு. மறுநாட் காலைப் பிரட்டில் பழைய உலகமே இருந்தது. ஆயினும் ஓர் இரவேனும் கூலியாள் பக்கம் நின்று பேசிய முகத்தை மக்கள் சுவரில் ஒட்டி வைத்தார்கள். இதனை வெறும் மயக்கமென்று தள்ளிவிட, நாற்காலியில் அமர்ந்தவர்களின் பரம்பரையைச் சேர்ந்த நமக்கு உரிமை உண்டா என்பதில் ஐயம் எழுகின்றது.

அவர் குடிப்பவராய்ப் பெரும்பாலும் நடித்ததில்லை. அவரது நூறாவது படமாகிய ஒளி விளக்கு 1968 இல் வெளிவந்தது. அதிற் கதாநாயகன் குடித்துவிட்டு நிற்க, அவனுடைய மனச்சாட்சிகளே பல உருவெடுத்து அவனைக் கண்டிக்கும் காட்சி ஒன்று உண்டு. அப்படத்தை எடுத்தவர் யார்? ஜெமினி வாசன். முதற் படத்திற்கு மதுவிலக்குக் கதை கொடுத்த அதே வாசன், முப்பத்திரண்டு ஆண்டுகட்குப் பின் நூறாவது படத்தை எடுத்தார். அடுத்த ஆண்டே அவர் மறைந்தார்.

கள் நம் தோட்டங்களைச் செய்ததை இவ்வேட்டின் வாசகர்களுக்கு நாம் புதிதாய்ச் சொல்லவேண்டுமா? ஆலயம் ஒருபுறம், கள்ளுக்கடை மறுபுறம் என்றே தோட்டம் அமைந்தது. சம்பளத்தை ஒரு கையாற் கொடுத்து மறு கையால் வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு அது. 1947 இல் கெடாவில் தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளை மறித்து நின்றார்கள். போலீசோடு மோதலும் உயிர்ச்சேதமும் நிகழ்ந்தன. ராஜகுமாரி வெளிவந்த அதே ஆண்டு! திரையில் ஒருவர் வாள் சுழற்றிக்கொண்டிருக்க, இங்கே வாளில்லாத தொழிலாளர் கள்ளுக்கடை வாயிலில் அடிபட்டார்கள். அவர்களுடைய படம் எந்த லயத்துச் சுவரிலும் ஒட்டப்பட்டதாக நாம் கண்டதில்லை.

அத்தகைய மக்கள் நம்பிய நடிகர் 1977 இல் தமிழ்நாட்டின் முதலமைச்சரானார். 1981 இல் அவருடைய அரசே மதுவிலக்கைத் தளர்த்திற்று. கள்ளும் சாராயமும் கடைக்கு வந்தன. 1983 இல் மது வாணிபத்திற்கென அரசுக் கழகமே நிறுவப்பட்டது. கள்ளச்சாராயத்தால் மக்கள் மாண்டனர், வருமானமும் வேண்டியிருந்தது என்று காரணம் கூறுவார் உளர். காரணங்கள் எப்போதும் உண்டு. நமது தோட்டங்களிற் கள்ளுக்கடை வைத்த துரைமாரும் காரணம் கூறினார்கள். ஒளி விளக்கின் மனச்சாட்சிகள் அன்று எங்கே போயின என்று நாம் கேட்பது அவரை வெறுப்பதால் அன்று. அவரை நம்பிக் குடியை விட்டவர்கள் நம் லயத்தில் இருந்தார்கள் என்பதாற் கேட்கின்றோம்.

அதே அரசு 1982 ஜூலை முதல் நாள் சத்துணவுத் திட்டத்தையும் தொடங்கிற்று. காமராசர் 1950 களில் தொடங்கிய பள்ளி மதிய உணவை விரித்து, பள்ளி சேராத சிறு பிள்ளைகளுக்கும் சோறு கிடைக்கச் செய்தது. செலவுக்கு அஞ்சிய அதிகாரிகளும் பொருளியலறிஞரும் ஐயுற்றனர். கும்பகோணத்து அடுப்பை அறிந்த மனிதர் அதனைப் பொருட்படுத்தவில்லை. நடிகரின் செயல்களுள் நடிப்பற்றது எது என்று நம்மைக் கேட்டால் இதனையே காட்டுவோம்.

1987 டிசம்பர் 24 ஆம் நாள் அவர் மறைந்தபோது தமிழ்நாட்டிற் சிலர் தம் உயிரையும் மாய்த்துக்கொண்டார்கள். இதனைப் பக்தி என்று புகழ்ந்தோரை நாம் மன்னிக்க இயலாது. பிள்ளைகளுக்குச் சோறிட்டவரின் பெயரால் பிள்ளைகள் தந்தையை இழப்பது எவ்வகை நியாயம்?

இனி அவ்விளைஞர் கூறிய மலையாளி என்னும் சொல்லுக்கு வருகின்றோம். இச்சொல்லை அவருடைய அரசியல் எதிரிகள் வாழ்நாள் முழுதும் அவர்மேல் வீசினார்கள். வேறு நாட்டிற் பிறந்து, வேறு மொழி பேசும் வீட்டில் வளர்ந்து, தமிழ் மேடையில் தமிழ் கற்றவரை வந்தேறி என்றார்கள். அவர் பிறந்த இலங்கையிலோ, 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தோட்டத் தமிழரைத் தலைமுறை தலைமுறையாய் அங்கே வாழ்ந்தும் நாடற்றவராக்கிற்று. 1964 இல் இரு பிரதமர்கள் அமர்ந்து, 5,25,000 பேரை இந்தியாவிற்கு அனுப்புவது, 3,00,000 பேரை இலங்கை ஏற்பது என்று மூட்டைக் கணக்குப்போல் எழுதிக் கையொப்பமிட்டார்கள். மறு ஆண்டு இராமச்சந்திரன் சரோஜாதேவியுடன் இலங்கைக்குச் சென்றார், கூட்டம் திரண்டது. பிறந்த மண்ணுக்கு விருந்தாளியாய்ச் சென்றவரை வரவேற்ற அக்கூட்டத்தில், பிறந்த மண்ணிலிருந்தே பெயர்க்கப்பட இருந்தோர் எத்தனை பேரோ!

நமது நாட்டிலும் இச்சொல்லை மலாய் மொழியில் நாம் கேட்டிருக்கின்றோம். நூறாண்டு பால்வெட்டிய குடும்பத்துப் பிள்ளையும் அரசியல் மேடையிலிருந்து அதனைக் கேட்கின்றான். கேட்டு வெகுண்ட அதே இளைஞர், லயத்துச் சுவரிலிருந்த படத்தைப் பார்த்து அதே சொல்லின் தமிழ்ப் பொருளைக் கூசாமல் உச்சரித்தார். அவரை நாம் பழிக்கவில்லை. நாமும் சில காலம் அவ்வாறே பேசியவர்கள்தாம். மலாயாவிலிருந்து சென்று 1964 இல் காதலிக்க நேரமில்லை படத்திற் புகழ்பெற்ற ரவிச்சந்திரனை நம்மவர் என்று உரிமை கொண்டாடும்போது மட்டும் நமக்கு எல்லைகள் மறந்துவிடுகின்றன.

கணக்கெடுத்த மூன்றாம் நாள், அந்தக் கடைக்கோடி வீட்டில் முன்பு குடியிருந்த மூதாட்டி சிரம்பானிலிருந்து பேருந்தேறி வந்தார். நாற்பதாண்டுகள் இத்தோட்டத்திற் பால்வெட்டியவர். முருகனையும் மாரியம்மனையும் முன்பே கொண்டுபோய்விட்டாராம். அங்கிருந்தவை பேரன் பிற்பாடு ஒட்டியவையாம். நடுவிலிருந்த படம் சுவரோடு ஒட்டிப்போனமையால் அன்று எடுக்க இயலவில்லை என்றார்.

"பாட்டி, இவர் இலங்கையில் தேயிலைத் தோட்டத்துப் பக்கம் பிறந்தவர். தெரியுமா?" என்று நாம் கேட்டோம்.

"தெரியாதுங்க ஐயா. எங்க வீட்டுக்காரரு இவரு படத்தைப் பாத்துட்டுத்தான் கள்ளுக்கடைக்குப் போறத விட்டாரு. அஞ்சு வருசம் போகல. அப்புறம் போனாரு" என்றார்.

நாம் அலுவலகத்திலிருந்து ஒரு வாளித் தண்ணீரும் உளியும் வரவழைத்தோம். கேள்வி கேட்ட இளைஞரே சுவரை நனைத்து, பட்டையை உரிப்பதுபோல் ஓரத்திலிருந்து மெதுவாக எடுத்தார். இடது மூலை சற்றுக் கிழிந்தது. மூதாட்டி அதனை ஒரு பழைய பிரட்டுச் சீட்டின் மேல் வைத்துச் சுருட்டி, முந்தானையில் முடிந்துகொண்டு, நாலரை மணிப் பேருந்துக்குப் புறப்பட்டார்.